தினசரி ஓட்டத்துக்கும் மண்தடப் போட்டிக்கும் ஒரே கார்: எதைத் தேர்ந்தெடுப்பது?

வாரம் முழுவதும் வேலைக்குப் போய்வரப் பயன்பட வேண்டும், ஓட்டும்போதெல்லாம் உற்சாகம் தர வேண்டும், ஆண்டில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ராலிகிராஸ் மண்தடத்தில் இறங்கி ஓடிவிட்டு அன்று மாலையே தன் சொந்தச் சக்கரங்களில் வீடு திரும்பவும் வேண்டும் என்று ஒரே காரிடம் எதிர்பார்ப்பவர்களுக்கு உடனே கிடைக்கும் ஆலோசனை, நான்கு சக்கர இயக்கமுள்ள டர்போ கார் ஒன்றை வாங்கிவிடுங்கள் என்பதுதான். அந்த ஆலோசனையில் உண்மை இருக்கிறது. ஆனால் அது மண்ணில் யார் வேகமாகப் போவார் என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. எப்போதாவது போட்டிக்குப் போகிறவருக்கு, நெம்புகோல் வகை ஹேண்ட்பிரேக்கும் சிறிய ரிம் பொருந்தும் பிரேக்குகளும் உள்ள, எடை குறைந்த முன்சக்கர இயக்க ஹேட்ச்பேக்கோ கூப்பேயோதான் பெரும்பாலும் சரியான தேர்வு என்பது என் கருத்து. நான்கு சக்கர இயக்கத்துக்கும் பின்சக்கர இயக்கத்துக்கும் உரியவர்கள் யார் என்பதையும் இதில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் எந்தப் போட்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1967-இல் இங்கிலாந்தின் லிடன் ஹில் தடத்தில் தொலைக்காட்சிக்காகத் தொடங்கப்பட்டு, 2014-இல் உலகச் சாம்பியன்ஷிப்பாகவும் வளர்ந்த ராலிகிராஸில் கார்கள் ஒன்றோடொன்று முட்டி மோதிக்கொண்டு ஓடும். தினசரி ஓட்டும் காரை அங்கே கொண்டுபோக முடியாது. அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் போன்ற அமைப்புகள் அதே பெயரில் நடத்துவது வேறு வகைப் போட்டி. மண், புல், சரளை அல்லது பனி மூடிய திறந்தவெளியில் கூம்புகளை நட்டுத் தடம் அமைப்பார்கள். கார்கள் ஒன்றின்பின் ஒன்றாகத் தனித்தனியே ஓடிக் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும். ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டியே முடிந்துவிடும்; ஒரு கூம்பைத் தட்டினால் இரண்டு வினாடி தண்டம்; அன்றைய எல்லா ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டித்தான் முடிவு அறிவிக்கப்படும்.

இந்த விதிகளில் இரண்டு செய்திகள் காரைத் தேர்ந்தெடுப்பவருக்கு முக்கியமானவை. நேரங்கள் கூட்டப்படுவதால், ஒரே ஓட்டத்தில் மின்னல் வேகம் காட்டுவதைவிட, எல்லா ஓட்டங்களிலும் பழுதாகாமலும் தடுமாறாமலும் ஓடுவதற்கே மதிப்பு அதிகம். மேலும், வகுப்புகள் முன்சக்கரம், பின்சக்கரம், நான்கு சக்கரம் என்று இயக்கத்தின் அடிப்படையில் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் காரில் எவ்வளவு மாற்றம் செய்திருக்கிறோம் என்பதற்கு ஏற்ப மீண்டும் பிரிவுகள் உண்டு. ஆகவே நான்கு சக்கர இயக்கக் காரை வாங்கினால் முன்சக்கர இயக்கக்காரர்களை முந்திவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. உங்களைப் போலவே நான்கு சக்கர இயக்கக் காரும், பெரும்பாலும் உங்களைவிட அதிக அனுபவமும் உள்ளவர்களோடுதான் உங்கள் நேரம் ஒப்பிடப்படும். இயக்கம் தரும் அனுகூலத்தை விதியே சமன்செய்துவிடுகிறபோது, அந்த அனுகூலத்துக்காக ஆண்டு முழுவதும் கூடுதல் எடையையும் எரிபொருளையும் பராமரிப்பையும் சுமப்பது அவசியமா என்ற கேள்வி எழுகிறது.

குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன் சக்கரத்தைப் பாருங்கள் என்று நான் வலியுறுத்துவேன். மண்தடத்தில் முதல் சில கார்கள் ஓடி முடிப்பதற்குள் வளைவுகளில் பள்ளமும் வரம்பும் உருவாகிவிடும். பின்னால் வரும் கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே அந்த வரம்பில் மோதும்போது அடியைத் தாங்குவது டயரின் பக்கச்சுவர்தான். உயரமான பக்கச்சுவர் கொண்ட 15 அங்குல டயர் அந்த அடியை வாங்கி நெளிந்து மீளும். 18 அல்லது 19 அங்குல ரிம்மில் மாட்டிய, விரற்கடை அளவே பக்கச்சுவர் உள்ள டயரோ அடியை நேராக ரிம்முக்குக் கடத்திவிடும், ரிம் வளையும். டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே சிறு கற்களும் புல்லும் புகுந்து மெல்லக் காற்று இறங்குவதும், பக்கவாட்டு விசையில் டயர் ரிம்மைவிட்டே கழன்றுவிடுவதும் இந்தப் போட்டியில் வழக்கமாகக் காணக்கூடியவை. சாலைக்கு வைப்பதைவிடச் சற்று அதிகக் காற்று வைப்பது அதற்காகத்தான். எனவே போட்டிக்கென்று தனியாக நான்கு சிறிய ரிம்களும், அவற்றில் பனிக்கால டயர்களோ ராலி டயர்களோ வேண்டும். ஆனால் சிறிய ரிம் பொருந்துமா என்பதை முடிவுசெய்வது பிரேக்கின் அளவு. சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸின் 2002 காலத்து மாடலின் பிரேக்குகளுக்கு மேல் 15 அங்குல ரிம் உட்காரும். அதன் உயர்திறன் வடிவமான எஸ்டிஐயின் பிரெம்போ பிரேக்குகளுக்கு 17 அங்குலம் தேவை. விலையும் திறனும் கூடிய கார் இந்த இடத்தில் எளிய காரிடம் தோற்கிறது.

இரண்டாவது, ஹேண்ட்பிரேக். குறுகிய வளைவில் பின்சக்கரங்களை ஒரு கணம் பூட்டிக் காரைத் திருப்புவது இங்கே அடிப்படை நுட்பம். பொத்தானை அழுத்தி இயக்கும் மின்னணு ஹேண்ட்பிரேக்கில் அதைச் செய்ய இயலாது. 2017-இல் வந்த ஹோண்டா சிவிக் எஸ்ஐயிலும், எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயிலும், 2022 முதல் வரும் டபிள்யூஆர்எக்ஸிலும் பொத்தான்தான் இருக்கிறது. ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி, பழைய சிவிக் எஸ்ஐ, மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86 ஆகியவற்றில் கையால் இழுக்கும் நெம்புகோல் இருக்கிறது. ஹேண்ட்பிரேக் இல்லாமல் ஓட்டவே முடியாது என்பதல்ல. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தும் இடக்காலால் பிரேக்கை மிதித்தும் காரைத் திருப்பலாம். இருந்தாலும் தொடக்கநிலை ஓட்டுநரிடமிருந்து மிக எளிய கருவியைப் பறித்துக்கொள்ளும் காரை இதற்கென்றே தேடிப்போய் வாங்குவதில் பொருளில்லை. சறுக்கல் தடுப்பு மின்னணுவை முழுமையாக அணைக்க முடிகிறதா என்பதும் இதே அளவு முக்கியம். பாதி மட்டுமே அணையும் கார், நீங்கள் வேண்டுமென்றே தொடங்கிய சறுக்கலின் நடுவில் இஞ்சின் விசையைத் துண்டித்துவிடும்.

இனி நான்கு சக்கர இயக்கம். 1981-இல் ஆடி குவாட்ரோ உலக ராலி சாம்பியன்ஷிப்பில் இறங்கியதும், அடுத்த ஆண்டே ஆடி நிறுவனங்களுக்கான பட்டத்தை வென்றதும் மண்ணில் இந்த இயக்கத்தின் மேன்மையை நிலைநாட்டிவிட்டன, அதை மறுப்பதற்கில்லை. ஈர மண்ணில் கிளட்சை விட்டதும் டபிள்யூஆர்எக்ஸ் புறப்படும் விதம், முன்சக்கர இயக்கக் கார் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே தடுமாறுவதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. மழைநாளிலும் பனிக்காலத்திலும் அன்றாட ஓட்டத்தில் அதே பிடிமானம் மன அமைதி தரும். நான்கு கதவும், ஓரளவு பெரிய டிக்கியும், குடும்பத்தோடு பயணம் செய்யும் வசதியும் உண்டு. இவை உண்மையான நன்மைகள்.

ஆனால் இந்த இயக்கத்தின் பராமரிப்பு மண்தடத்தின் இயல்புக்கு எதிராக அமைந்திருக்கிறது. நான்கு சக்கரங்களையும் ஒரே இயந்திரத் தொடர் இணைப்பதால் நான்கு டயர்களின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று தேய்ந்தும் மற்றொன்று புதிதாகவும் இருந்தால் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பங்கிடும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடேறிப் பழுதாகும். மண்தடத்தில் டயரின் பக்கச்சுவர் கிழிவது அரிதல்ல. முன்சக்கர இயக்கக்காரர் ஒரு டயரையோ அச்சுக்கு இரண்டையோ மாற்றிக்கொண்டு போய்விடுவார். நான்கு சக்கர இயக்கக்காரர் பல நேரம் நான்கையும் மாற்ற நேரிடும். 2.5 லிட்டர் டர்போ இஞ்சின் கொண்ட சுபாருக்களில் பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட மெல்லிய பகுதி உடைவது உரிமையாளர்கள் நன்கறிந்த குறை. முந்தைய உரிமையாளர் இஞ்சினின் மென்பொருளை மாற்றியிருந்தால் அந்த அபாயம் கூடும். இந்தக் கார்கள் வேகப் பிரியர்களின் கைகளிலேயே சுற்றிவருவதால், யாரும் கைவைக்காத பழைய டபிள்யூஆர்எக்ஸ் கிடைப்பது அபூர்வம். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனின் உற்பத்தியே நின்றுவிட்டதால் அதை அன்றாடக் காராக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும் வாரங்களில் வேலைக்குப் போக வேறு வண்டி வேண்டியிருக்கும்.

இந்த வகையில் மனம் ஒன்றிப் பாராட்டத்தக்கது டொயோட்டா ஜிஆர் யாரிஸ். 2020-இல் வந்த இந்தக் கார் சுமார் 1,280 கிலோ எடையும், 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ இஞ்சினும் கொண்டது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பழைய டபிள்யூஆர்எக்ஸில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பின்சக்கரங்களைப் பூட்டும் முயற்சி நடு டிஃபரன்ஷியல் வழியாக முன்சக்கரங்களையும் பிடித்து இழுக்கும். திரும்ப வேண்டிய கார் அரைமனதோடு நேராகவே நகரும். ஜிஆர் யாரிஸில் நெம்புகோலை இழுத்த உடனே பின்னச்சுக்கான இணைப்பு விடுபட்டுவிடுகிறது. பின்சக்கரங்கள் மட்டும் பூட்டி, கார் மூக்கை மையமாக வைத்துச் சுழல்கிறது. ராலியை மனத்தில் வைத்தே உருவாக்கியவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஐந்து கதவு வேண்டுவோருக்கு இதே இயந்திர அமைப்போடு ஜிஆர் கரோலா இருக்கிறது. எனினும் இரண்டும் புதியவை, விலை உயர்ந்தவை. புத்தம்புதிய காரின் பம்பர் மண்வரம்பில் கிழிவதைப் பதறாமல் பார்க்க முடியுமா என்று ஒவ்வொருவரும் தம்மைத்தாமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கீறலுக்கு அஞ்சி ஓட்டுபவருக்கு எந்தக் காரும் மண்ணில் மகிழ்ச்சி தராது.

பின்சக்கர இயக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓட்டக் கற்றுக்கொள்வதே முதன்மை நோக்கம் என்றால் இதற்கு ஈடில்லை. காரை எங்கே நோக்கச் செய்வது என்பதை ஸ்டீயரிங்கும் ஆக்சிலரேட்டரும் பங்கிட்டுக்கொள்வதால், வலக்காலின் ஒவ்வொரு தவறும் உடனே தெரிந்துவிடும். 1972 முதல் 1979 வரை பிரிட்டனின் ஆர்ஏசி ராலியைத் தொடர்ந்து எட்டு முறை வென்றது பின்சக்கர இயக்க ஃபோர்டு எஸ்கார்ட்தான். ஆனால் இன்று அன்றாடத்துக்கு வாங்கக்கூடிய பின்சக்கர இயக்க விளையாட்டுக் கார்கள் தார்ச்சாலையை எண்ணியே தாழ்வாகக் கட்டப்பட்டவை. எம்எக்ஸ்-5 ஒரு டன்னை ஒட்டிய எடையோடு ஓட்டுவதற்கு அத்தனை இன்பமானது; அதன் அடிப்பகுதியோ மண்வரம்பை உரசிக்கொண்டேதான் போகும். மேற்கூரை துணியாக இருப்பதால், கூடுதல் பாதுகாப்புக் கம்பியோ உறுதியான கூரையோ கேட்கும் விதிகளையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிஆர்86-இல் கூரைக் கவலை இல்லை, ஒரு சக்கரம் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டோர்சன் டிஃபரன்ஷியலும் இருக்கிறது. ஆனால் அதுவும் தாழ்வானதுதான், பின்னிருக்கையில் பெரியவர்கள் உட்கார முடியாது. ஈ36 எனப்படும் 1990-களின் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் மண்தடத்துக்கு அருமையாகப் பொருந்தும். தினசரிக் காராக அது தன் வயதுக்குரிய பராமரிப்பைக் கேட்கும். தாமே ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். உலர்ந்த சரளையில் பின்சக்கர இயக்கம் தரும் மகிழ்ச்சி, ஈரச் சேற்றில் கார் முன்னேறவே மறுக்கும் நாளில் பெருமளவு குறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

முன்சக்கர இயக்கத்தை இரண்டாந்தரமாகப் பார்க்கும் வழக்கம் எனக்கு ஏற்புடையதல்ல. ஸ்வீடனின் எரிக் கார்ல்சன் சிறிய இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின் பூட்டிய முன்சக்கர இயக்க சாப் 96-ஐக் கொண்டு 1960 முதல் 1962 வரை ஆர்ஏசி ராலியையும், 1962, 1963 ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியையும் வென்றார். ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இடக்காலால் பிரேக்கைத் தொட்டுக் காரின் பின்பகுதியை வெளியே வீசவைக்கும் நுட்பத்தை வட ஐரோப்பிய ஓட்டுநர்கள் செம்மைப்படுத்தியது இந்த இயக்கத்தின் குறையை வெல்வதற்காகத்தான். இஞ்சினின் எடை முழுவதும் இயங்கும் சக்கரங்களின் மேலேயே அமர்ந்திருப்பதால், தளர்ந்த மண்ணில் புறப்படும்போது பிடிமானம் எதிர்பார்த்த அளவுக்கு மோசமாக இராது. வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைந்தால் மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு போவதுதான் இதன் உண்மையான குறை. அதற்கு மருந்து, பின்பகுதி எளிதில் வீசும்படி கட்டப்பட்ட காரைத் தேர்ந்தெடுப்பது.

ஃபியஸ்டா எஸ்டி அப்படிப்பட்ட கார். 1.6 லிட்டர் டர்போ இஞ்சினும் சுமார் 1,230 கிலோ எடையும் கொண்ட அதன் பின்னச்சு மிக விறைப்பானது. வளைவில் ஆக்சிலரேட்டரை விட்ட மாத்திரத்தில் உட்புறப் பின்சக்கரம் தரையைவிட்டு எழ, கார் உள்நோக்கித் திரும்பிவிடும். மின்னணுத் தடுப்பை முழுமையாக அணைக்கலாம், ஹேண்ட்பிரேக் நெம்புகோல்தான். அதன் விறைப்பான சஸ்பென்ஷன் குண்டும் குழியுமான சாலையில் முதுகுக்குத் தெரியும் என்பதும், அந்த 1.6 லிட்டர் மாடலில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் இயந்திர லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் கிடையாது என்பதும் குறைகள். ஹோண்டாவின் 2006 முதல் 2015 வரையிலான சிவிக் எஸ்ஐ இந்த இரண்டாவது குறைக்கு விடை: தொழிற்சாலையிலிருந்தே கியர் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலோடு வந்தது, டர்போ இல்லாததால் பழுதாகக்கூடிய பாகங்களும் குறைவு. அந்த வகை டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் முழுவதுமாகக் காற்றில் எழுந்துவிட்டால் விசை அந்தச் சக்கரத்தின் வழியே வீணாகிவிடும் என்பதையும், அந்தக் கணத்தில் பிரேக்கை இலேசாகத் தொட்டால் விசை மறு சக்கரத்துக்குத் திரும்பும் என்பதையும் ஓட்டுநர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்னும் எளிமையாக வேண்டும் என்பவர்களுக்கு சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் கிடைக்கும் இடங்களில் அது சிறந்த தேர்வு, 1.4 லிட்டர் டர்போ மாடலின் எடை 970 கிலோ அளவுதான். எடை குறைந்த கார் வரம்பில் மோதும் அடியும் குறைவு, டயரும் பிரேக்கும் கிளட்சும் தேயும் வேகமும் குறைவு. ஹூண்டாய் எலான்ட்ரா என் வேகத்தில் இவை அனைத்தையும் விஞ்சும், அதிலும் நெம்புகோல் ஹேண்ட்பிரேக் இருக்கிறது. ஆனால் அதன் 19 அங்குல ரிம்மும் பெரிய பிரேக்குகளும் அதைத் தார்ச்சாலையோடு கட்டிப்போடுகின்றன.

எந்த இயக்கமாக இருந்தாலும் போட்டி முடிந்து வீடு திரும்புவதும் தேர்வின் ஒரு பகுதிதான். ரிம்மின் உட்பக்கத்தில் அப்பிய சேறு காய்ந்துவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் கைகளில் அதிரும்; சக்கரத்தின் சமநிலை போய்விட்டதோ என்று அஞ்சி மெக்கானிக்கிடம் ஓடுவதற்கு முன் ரிம்மின் உட்புறத்தைக் கழுவிப் பார்க்க வேண்டும். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் இடையில் ஒரு சிறு கல் சிக்கினால் இரும்பை அறுப்பது போன்ற கிறீச்சொலி கேட்கும். கல்லை எடுத்துவிட்டால் நின்றுவிடும். ஆயில் சம்ப்பைக் காக்கும் அடித்தகடு பூட்டுவதும், காற்று வடிகட்டியைப் போட்டிக்குப் பின் பார்ப்பதும், சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும் வழக்கமாகிவிட வேண்டும். போட்டிச் சக்கரங்கள் நான்கையும் ஜாக்கியையும் உள்ளே ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், பின்னிருக்கை மடியும் ஹேட்ச்பேக்குக்கு இந்த வேலையில் செடானைவிடவும் கூப்பேயைவிடவும் தெளிவான முன்னுரிமை உண்டு. காப்பீடு பெரும்பாலும் போட்டியில் நேரும் சேதத்தை ஏற்காது. கடனில் வாங்கிய காரை மண்தடத்தில் இறக்குமுன் காப்பீட்டுப் பத்திரத்தை முழுவதுமாகப் படித்துவிடுங்கள்.

வாங்கப்போகும் இடத்தில் இந்த ஒப்பீட்டை நடைமுறைப்படுத்துவது எளிது. சஸ்பென்ஷனைத் தாழ்த்திய கார்களை முதலிலேயே விலக்கிவிடுங்கள். மண்ணில் சக்கரம் மேலும் கீழும் அசைய இடம் வேண்டும், தாழ்த்திய ஸ்பிரிங் அந்த இடத்தைத்தான் பறித்திருக்கிறது. பனிக்காலத்தில் உப்புத் தூவும் சாலைகளில் ஓடிய காராக இருந்தால், ஜாக்கி வைக்கும் இடங்களையும் பின் சஸ்பென்ஷன் உடலோடு சேரும் இடங்களையும் துருவுக்காகத் தட்டிப் பாருங்கள். நிறுத்தி வைத்த காரில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எத்தனை சொடுக்கில் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல ஓட்டி டிரைவ் ஷாஃப்ட்டிலிருந்து டக்டக் ஒலி வருகிறதா என்று கேளுங்கள். நான்கு சக்கர இயக்கமானால் நான்கு டயர்களும் ஒரே வகைதானா, ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அதன்பிறகே இஞ்சினைப் பற்றிப் பேசுங்கள். இந்தச் சோதனைகளில் நல்ல நிலையில் தேறிய ஒரு சிவிக் எஸ்ஐயும், சந்தேகத்தோடு தேறிய ஒரு டபிள்யூஆர்எக்ஸும் ஒரே விலைக்கு எதிரெதிரே நின்றால், நான் சிவிக்கை வாங்கி, மிச்சமாகும் பராமரிப்புச் செலவில் போட்டிக்கான நான்கு சக்கரங்களையும் அடித்தகட்டையும் அந்த வாரமே வாங்கிவிடுவேன்.